கேள்வி நேரம்: மீத்தேன் கணக்கு

கே: அமெரிக்காவின் பெர்மியன் எண்ணெய் வயல் கசியவிடும் மீத்தேனை ஒரு முழு நாட்டின் அளவோடு ஒப்பிடுகிறார்களே, சரியா? – மணலி வாசகர், சென்னை.

ப: ஒப்பிடலாம், துறை ஒன்றாக இருந்தால். நாட்டின் மொத்தத்தில் மாடும் நெல்வயலும் சேர்ந்திருக்கும். இந்தியாவில் பெரும்பங்கு அதுதான். நம்மூரிலேயே கொடுங்கையூர் குப்பைமேட்டு மீத்தேன் ‘கழிவு’க் கணக்கில் வரும், மணலி சுத்திகரிப்பு ஆலையின் கசிவு ‘எரிசக்தி’யில். எனவே எரிசக்திப் பிரிவை மட்டும் பிரித்தெடுங்கள்.

அடுத்து அலகு. பெர்மியனில் 2018-19 செயற்கைக்கோள் அளவீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் டன் மீத்தேன். மீத்தேன் கரியமில வாயுவைவிட எத்தனை மடங்கு வெப்பமூட்டும் என்பது கணக்கிடும் காலத்தைப் பொறுத்தது. 100 ஆண்டுக் கணக்கில் 28-ஆல் பெருக்கினால் 756 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் 84-ஆல் பெருக்கினால் 2,268 லட்சம். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 84 என்று வைத்தால் மூன்று மடங்கு பிசகு! டன் மீத்தேனாகவே ஒப்பிடுவது உத்தமம்.

பலர் கோட்டைவிடுவது அளந்த முறையில். நாடுகளின் அறிக்கை பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையைச் சராசரிக் கசிவால் பெருக்கியது. அணைந்துபோன ஃப்ளேர் (உபரி வாயுவை எரித்துவிடும் குழாய்), திறந்தே கிடக்கும் டேங்க் மூடி அதில் சரியாகப் பதிவாகாது, செயற்கைக்கோளில் பதிவாகும். கூடவே, உற்பத்தியான வாயுவில் எத்தனை சதவீதம் கசிந்தது என்றும் பாருங்கள். பெர்மியனில் அதே 2018-19 அளவீட்டில் அது 3.7 சதவீதம்.