சிஸ்டரிடம் கேளுங்கள்: ஹண்டிங்டன் நோய் உள்ள வீடுகளிலிருந்து வந்த கடிதங்கள்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடிய மூளை நோயான ஹண்டிங்டனைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நோயாளி எழுதியது ஒன்றுகூட இல்லை. மனைவி, மகள், அண்ணன், மருமகள் என்று பார்த்துக்கொள்பவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த முறை முழுப் பக்கமும் அவர்களுக்கு. நான் நரம்பியல் வார்டில் செவிலியாக இருந்து, பிறகு வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்தவள். மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டரின் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கத்தினால் என்ன செய்வது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு மனைவி எழுதுகிறார்: என் கணவருக்கு வயது 44. ஹண்டிங்டன் என்று உறுதியாகிவிட்டது. கை கால் ஆட்டம் கொஞ்சம்தான். ஆனால் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. குளிக்கச் சொன்னால் எரிந்து விழுகிறார். "எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது" என்கிறார். நான் தொணதொணப்பதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். இது சோம்பலா, பிடிவாதமா, நோயா?

நோய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹண்டிங்டன் என்றாலே எல்லோரும் கை கால் ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் குடும்பத்தைச் சக்கையாகப் பிழிந்தது அந்த ஆட்டம் இல்லை, நீங்கள் எழுதியிருக்கிற இதுதான். பல பேருக்கு ஆட்டம் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே இது தொடங்கிவிடுகிறது. மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி முதலில் சேதமாகிறது. அதற்கும் நெற்றிப் பக்கத்து மூளைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, வந்த கோபத்தை அடக்குவது எல்லாம் அந்தத் தொடர்பை நம்பித்தான் நடக்கின்றன. ஒரே வண்டியில் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் சேர்ந்து கெட்டுப்போன மாதிரி. தானாகக் கிளம்பாது, கிளம்பினால் நிற்காது.

"எனக்கு ஒன்றுமில்லை" என்பதும் பொய் இல்லை. தன்னிடம் வந்திருக்கும் மாற்றத்தைக் கவனிக்கும் திறனையே இந்த நோய் குறைத்துவிடுகிறது. அதனால் ஆதாரம் காட்டி வாதாடுவதில் பயன் இல்லை. நோய் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டாம், குளித்தால் போதும்.

"குளிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டால் பதில் "இல்லை"தான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "தண்ணீர் தயாராக இருக்கிறது, வாங்க" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு உடலை நகர்த்த அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். மூன்றாவது நொடியில் நீங்கள் மறுபடி சொன்னால், பாவம், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொணதொணப்பு என்று உங்கள் மாமியார் சொல்வது இதைத்தானோ என்னவோ. ஒரு நேரத்துக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். எல்லாம் தினமும் அதே நேரத்தில் நடக்கட்டும். வெளியே போவதாக இருந்தால் முதல் நாளே சொல்லாதீர்கள், காத்திருப்பது இவர்களுக்குப் பெரிய கஷ்டம். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னால் போதும்.

கோபம் வந்த பிறகு அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வருவதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பசி, மலச்சிக்கல், பல்வலி, டிவி ஓடும்போது இரண்டு பேர் ஒன்றாகப் பேசியது, கேட்டதைத் தராமல் "அப்புறம்" என்றது, இப்படி ஏதாவது பெரும்பாலும் இருக்கும். கை ஓங்கினால் பிள்ளைகளோடு அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்பதை அமைதியான ஒரு நாளில் முடிவு செய்து வையுங்கள். நோய் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போகும்போது அவர் சிரித்த முகத்தோடு "நன்றாக இருக்கிறேன்" என்பார். உங்களுக்கு அங்கே வாய் வராது. அதனால் குறித்ததை ஒரு தாளில் எழுதி, உள்ளே போவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இந்த நோயை நிறுத்த மருந்து இல்லை என்பது உண்மைதான், ஆனால் எரிச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. பலருக்கு நன்றாகவே வேலை செய்யும். கேட்காததால்தான் பல பேருக்குக் கிடைப்பதில்லை. கை கால் ஆட்டத்துக்குத் தரும் டெட்ராபெனசின் மாதிரியான மருந்து சிலருக்கு மனச்சோர்வை அதிகமாக்கும். அவருக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆட்டம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை என்றால் அதற்கு மருந்தே வேண்டாம் என்றுகூட டாக்டர் சொல்லலாம்.

இன்னொன்று. இந்த நோயில் தற்கொலை ஆபத்து அதிகம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

மாமியாரை அடுத்த முறை கூடவே கூட்டிப் போங்கள். நீங்கள் நூறு தடவை சொல்வதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் போதும்.

அம்மா நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார். உணவு கொடுக்க டியூப் வைக்க வேண்டி வருமா?

இளைப்பது உங்கள் கவனிப்பின் குறை இல்லை. இந்த நோயில் உடல் அதிகம் எரிக்கிறது. சிலருக்கு ஒரு நாளைக்கு 4,000 கலோரிக்கு மேல்கூடத் தேவைப்படும். அதை மூன்று வேளையில் அடைக்க முடியாது. ஐந்தாறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வாய்க்கும் சத்து கூடுகிற மாதிரி கொழுப்பும் புரதமும் சேர்த்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

இருமல்தான் எனக்குக் கவலை. ஹண்டிங்டன் நோயாளிகள் இறப்பதற்கு மிகப் பொதுவான காரணம் நிமோனியா. உணவோ நீரோ நுரையீரலுக்குள் போவதில்தான் அது பெரும்பாலும் தொடங்குகிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப் போங்கள். பேச்சுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்கள் வேலைதான். கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் பெரும்பாலும் முதலில் வழி தவறும். எந்த அளவுக்குக் கெட்டியாக்கிக் கொடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.

அதுவரை செய்ய வேண்டியது: நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. டிவியை அணைத்துவிடுங்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். இருமல் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருமலே இல்லாமல் உள்ளே போவதும் உண்டு. குடித்த பிறகு குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால் செய்யும் முதலுதவியை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.

டியூப் பற்றி உங்கள் அம்மாவையே கேளுங்கள். இப்போதே, அவர் பேசும்போதே. பேச்சு குழறிப்போன பிறகு படுக்கையைச் சுற்றி நின்று பிள்ளைகள் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதி, டாக்டரின் கோப்பிலும் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் அது ஒரு பதில்தான்.

தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வரவில்லை. ஒரு தலைமுறை விட்டு எனக்கு வருமா?

ஹண்டிங்டன் தலைமுறை தாண்டாது. இந்த நோயைத் தரும் மரபணுக் கோளாறு அப்பாவிடம் இல்லை என்றால் உங்களுக்கும் இல்லை. ஆனால் "வரவில்லை" என்றால் எந்த வயது வரை வரவில்லை? பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டும் என்றாலும் அறுபதுக்குப் பிறகு வருகிறவர்களும் உண்டு. அறிகுறி தெரியும் முன்பே அப்பா வேறு காரணத்தால் காலமாகியிருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கணவருக்கு இந்த நோய். மகளுக்கு 20 வயது, மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்கிறாள். மகனுக்கு 13. இரண்டு பேருக்கும் பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறேன்.

யாருக்கு நிம்மதி, அம்மா?

மகனுக்கு இப்போது பார்க்க மாட்டார்கள். அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்வதில்லை என்பது உலகம் முழுக்க மரபணு நிபுணர்கள் பின்பற்றும் வழக்கம். 18 வயதானதும் அவனே முடிவு செய்யட்டும். அறிகுறி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அது வேறு. 20 வயதுக்கு முன்பே வரும் வகையும் உண்டு, அதில் ஆட்டத்தைவிட உடல் விறைப்பு அதிகம் தெரியும். அப்போது நரம்பியல் டாக்டர் பார்ப்பார்.

மகள் விஷயத்தில் உங்களுக்குப் பேச்சே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 50 சதவீத வாய்ப்பு. ஒருவருக்கு வந்துவிட்டதால் இன்னொருவர் தப்பிப்பார் என்ற கணக்கெல்லாம் இல்லை. பரிசோதனையில் 4-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால், வழக்கமான ஆயுள் இருந்தால் நோய் வரும். 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். எப்போது வரும் என்று அந்த எண் தேதி சொல்லாது. "வரும், எப்போது என்று தெரியாது, நிறுத்தவும் முடியாது" என்பதை 20 வயதில் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டுமா? ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பரிசோதனை செய்துகொள்வதில்லை. சிலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் தாங்காது, அவர்கள் செய்துகொள்கிறார்கள். இரண்டும் சரிதான்.

இந்த மரபணுவைத் தேடிக் கண்டுபிடித்த முயற்சியில் முன்னின்றவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மா இதே நோயில் இறந்தவர். மரபணு 1993-இல் கிடைத்தது. தனக்கும் நோய் இருப்பதை அவர் வெளியில் சொன்னது 2020-இல். அவருக்கே அவ்வளவு அவகாசம் வேண்டியிருந்திருக்கிறது.

மகள் மனம் மாறினால் முதலில் மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும். நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவைப் போனில் பார்க்கிற பரிசோதனை இல்லை இது. காப்பீடு எடுப்பதாக இருந்தால் அதையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. குழந்தை பெற நினைக்கும்போது, ஆய்வகத்தில் உருவாக்கிய கருக்களைச் சோதித்து, இந்த மரபணுக் கோளாறு இல்லாததைத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. தன் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ளாமலேகூட அதைச் செய்ய வழி இருக்கிறது.

ஒன்பது வயதுப் பையனிடம் அப்பாவின் நோயைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். அவன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். சொல்லாவிட்டால் தன்னால்தான் அப்பா கத்துகிறார் என்று நினைத்துக்கொள்வான். "அப்பாவின் மூளையில் ஒரு நோய், அதனால் கை ஆடுகிறது, சீக்கிரம் கோபம் வருகிறது, உன்னால் இல்லை" என்பது இன்றைக்குப் போதும். "எனக்கும் வருமா?" என்று அவன் கேட்கிற நாளில் பொய் சொல்லாதீர்கள். இளையவர்களுக்கென்றே எச்.டி.ஒய்.ஓ. என்ற உலக அமைப்பு இருக்கிறது. பிள்ளைகளிடம் வயதுக்கு ஏற்றபடி எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்கும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் போனில் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு சரி. சில ராத்திரிகளில் அப்பா போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. என் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தால்கூட எனக்கும் தொடங்கிவிட்டதோ என்று பயம். நான் கெட்டவளா, சிஸ்டர்?

இல்லை. இதை நீங்கள் எழுத்தில் எழுதிவிட்டீர்கள், மற்றவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். இந்த நோய் கண்டுபிடித்த பிறகு 15, 20 வருடம் நீள்கிறது. அத்தனை வருடம் ஒரே ஆள் தூங்காமல் பார்த்துக்கொண்டால் வேறு எப்படித் தோன்றும்?

அண்ணனிடம் "நீ எதுவும் செய்வதில்லை" என்று சொல்லாதீர்கள், அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஞாயிறு காலை முதல் இரவு வரை அப்பா அவர் பொறுப்பு. மருந்து வாங்குவது, காப்பீட்டுத் தாள்கள், டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அவருடையது. தொலைவில் இருந்தால் வாரத்தில் சில இரவுகளுக்கு ஆள் வைக்கப் பணம் தரட்டும். பயம் அண்ணனுக்கும் இருக்கலாம். அப்பாவைப் பார்ப்பது தன் எதிர்காலத்தைப் பார்ப்பதாக நினைத்து விலகி ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது காரணமாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையில் சலுகை தராதீர்கள்.

ஸ்பூன் எல்லோர் கையிலிருந்தும் விழும். அந்தப் பயம் தினமும் வந்தால், பரிசோதனை செய்கிறீர்களோ இல்லையோ, மரபணு ஆலோசகரிடமோ மனநல ஆலோசகரிடமோ உங்களுக்காக ஒரு நேரம் வாங்குங்கள். அப்பாவோடு சேர்த்து இல்லை, தனியாக. ராத்திரிக்கு ஒன்று: அப்பா கட்டிலிலிருந்து விழுவார் என்றுதானே விழித்திருக்கிறீர்கள்? மெத்தையைத் தரையில் போட்டு, சுவர்ப் பக்கம் தலையணைகளை அடுக்கிவிட்டுத் தூங்குங்கள்.

மரபணு சிகிச்சை வந்துவிட்டதாகச் செய்தி பார்த்தோம். வெளிநாடு போகலாமா?

2025 செப்டம்பரில் வந்த செய்தியைச் சொல்கிறீர்கள். அறுவை சிகிச்சை மூலம் மூளைக்குள் ஒரே ஒரு முறை செலுத்தும் மருந்து அது. அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு மூன்று வருடத்தில் நோய் முற்றும் வேகம் கணிசமாகக் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது ஒரு சிலரை வைத்து நடந்த சிறிய ஆய்வு, நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். 2021-இல் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட டோமினெர்சன் என்ற மருந்தின் ஆய்வை நடுவில் நிறுத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வில் சேர விருப்பம் இருந்தால் உங்கள் நரம்பியல் டாக்டர் வழியாகக் கேளுங்கள். "ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.