திரை காட்டும் இடத்தில் பொருள் இல்லையா? ஒலிவேகத்தைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் நீரிணையில், 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டிரான்ஸ்பாண்டரை (ஒலி கேட்டதும் பதில் ஒலி எழுப்பும் கருவி) யுஎஸ்பிஎல் (அந்தப் பதில் ஒலியைக் கொண்டு தூரத்தையும் திசையையும் கணக்கிடும் கருவி) மூலம் தேடினோம். படகிலிருந்து 200 மீட்டர் தூரம். திரை காட்டிய இடத்துக்குப் பத்து மீட்டர் அப்பால்தான் முக்குளிப்பவருக்குக் கிடைத்தது. ஆழமும் 53 மீட்டர் என்று காட்டியது. கருவி பழுதா?

பழுதென்று முடிவு செய்யாதீர்கள். மென்பொருளில் ஒலிவேகம் நொடிக்கு 1500 மீட்டர் என்றே இருக்கிறதா பாருங்கள். நம் கடலுக்கு அந்த எண் ஒத்துவராது. நீர் 30 டிகிரி, உப்பு கிலோவுக்கு 31 கிராம், ஆழம் 10 மீட்டர் என்றால் ஒலி நொடிக்குச் சுமார் 1541 மீட்டர் போகும்.

யுஎஸ்பிஎல்லில் இந்தப் பிழை இரண்டு முறை நுழைகிறது. ஒலி போய்வரும் நேரத்தை வேகத்தால் பெருக்கித்தான் தூரம் கணக்கிடப்படுவதால் 200 மீட்டர் 194.6 ஆகச் சுருங்கும். கோணத்தைக் கணக்கிடவும் அதே வேகம்தான் என்பதால் கோணமும் செங்குத்தை நோக்கிச் சாயும். கிடைத்தூரம் பத்து மீட்டர் குறைய, 30 மீட்டர் ஆழம் 53 ஆகிவிடும். உங்கள் திரை காட்டியதும் இதையேதான். கடல் வரைபடத்தில் உள்ளதைவிட ஆழம் கூடுதலாகத் தெரிந்தால் முதலில் ஒலிவேகத்தைச் சந்தேகியுங்கள்.

ஒலிவேகமானி இல்லாவிட்டால் மெட்வின் சூத்திரம் போதும்:

வேகம் = 1449.2 + 4.6வெ − 0.055வெ² + 0.00029வெ³ + (1.34 − 0.01வெ)(உ − 35) + 0.016ஆ

வெ வெப்பநிலை, உ உப்பு, ஆ ஆழம். நம் வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி கூடினால் வேகம் 2 மீட்டர்தான் கூடும். உப்பு ஒரு கிராம் குறைந்தால் 1 மீட்டர் குறையும். ஆகவே உப்பை அலட்சியப்படுத்த முடியாது. பெருமழைக்குப் பிறகு ஜொகூர் ஆற்று நீர் கலக்கும் உபின், தெக்கோங் தீவுகளின் பக்கம் காலையில் எடுத்த அளவை மாலையில் நம்பாதீர்கள்.

ஒலிவேகமானி இருந்தால் நீரோட்டம் தணியும் வேளையில் இறக்குங்கள். ஓட்டத்தில் கயிறு சாய்ந்துவிடும். விட்ட கயிற்றின் நீளத்தை ஆழமாக எடுத்துக்கொள்ளாமல் அழுத்த உணரி சொல்வதைக் குறியுங்கள். முதலில் மேல்மட்டத்தில் ஒரு நிமிடம் மூழ்கடித்து, குலுக்கிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் அளவு துள்ளும். கோணத்துக்கு டிரான்ஸ்டியூசர் (படகில் ஒலியை அனுப்பிப் பெறும் பகுதி) மட்டத்து வேகத்தையும், தூரத்துக்கு அங்கிருந்து பொருள் வரையுள்ள சராசரியையும் கொடுங்கள்.

திருத்திய பிறகும் பொருள் தள்ளித் தெரிந்தால், 50 மீட்டரிலும் 200 மீட்டரிலும் சோதியுங்கள். தூரப்பிழை நான்கு மடங்கானால் வேகம் இன்னும் தவறு. இரண்டிலும் ஒரே அளவென்றால் டிரான்ஸ்பாண்டரின் பதில் தாமதம் (ஒலி கேட்டதிலிருந்து பதில் தர அது எடுக்கும் நேரம்) தவறாகப் பதிவாகியிருக்கிறது. ஒலிவேகத்தை மாற்றி அதைச் சரிக்கட்ட முயலாதீர்கள்.