இரண்டாம் முறை கேட்பது எதற்கு?

வணக்கம் சார்,

ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் இசைக்குழுவின், ஒரு முழுக் கதையைப் பாட்டாகச் சொல்லும் ‘தி அஸ்டோனிஷிங்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டு முடித்தேன். அவர்களுடைய பழைய ஆல்பமான ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ மீது பைத்தியமாக இருப்பவன் நான். ஆனால் இதில் மனசு ஒட்டவே இல்லை. பாதிக்கு மேல் எந்தப் பாத்திரம் பாடுகிறது என்றே பிடிபடவில்லை. “இன்னொரு தடவை கேள், பிடித்துவிடும்” என்கிறார்கள் நண்பர்கள். பிடிக்காததை மறுபடி கேட்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சமாதானத்துக்காக என்றால் வேண்டாம். ஆனால் எது உங்களை ஏமாற்றியது என்று தெரிந்துகொள்ள இன்னொரு தடவை கேட்கலாம். முதல் தடவையில் களைப்புதான் மிஞ்சியிருக்கும். 1999-இல் வந்த ‘சீன்ஸ்’ 12 டிராக், 77 நிமிடம். 2016-இல் வந்த இது 34 டிராக், இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் காது அலுத்துவிடும். இரண்டு அங்கங்களாகத்தான் அமைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் அங்கம் போதும்.

பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் குழம்பியது உங்கள் காதின் கோளாறு இல்லை. அரசன், இளவரசி, பாடகன், அவனுடைய அண்ணன் என்று எல்லோருக்கும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரீ ஒருவரே குரல். அரசன் நஃபேரியஸ் வரும்போது குரலில் நாடகத்தனம் ஏறுகிறது, அது தெரிகிறது. மற்றவர்களைப் பிரித்தறிய வரிகள் இல்லாமல் முடியாது. வேறு பாடகர்களையும் சேர்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், ‘எ நியூ பிகினிங்’. முதல் அங்கத்தின் முடிவை ஒட்டி வருகிறது. இளவரசி ஃபெய்த் தன் தந்தையிடம் பாடகன் கேப்ரியலுக்காக வாதாடும் பாட்டு. கடைசிப் பகுதியில் பாட்டு நின்று, தாளம் நிதானப்பட்டு, ஜான் பெட்ரூச்சியின் கிட்டார் தனியாகப் பேச ஆரம்பிக்கிறது. எங்கும் அவசரமில்லை. ஒரு வரியை வாசித்துவிட்டு, அதையே கொஞ்சம் மாற்றி இன்னும் மேலே கொண்டுபோகிறார். பதினெட்டு டிராக்குகளைத் தாண்டி வந்தவர்களுக்கும் இது காதில் விழாமல் போக வாய்ப்பு அதிகம். அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் பிரியம் வந்ததே அங்கேதான்.

குறை எங்கே என்றால், என் பார்வையில் நோமாக்ஸ் என்ற இயந்திரங்களில். கதை 2285-ஆம் ஆண்டில் நடக்கிறது. மனிதர்கள் இசையை மறந்துவிட்டார்கள், பறக்கும் இயந்திரங்கள்தான் ஓசை எழுப்புகின்றன. கேப்ரியலின் குரல் அவற்றை வெல்ல வேண்டும். ஆனால் அந்த இயந்திரங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சில சின்னச் சின்ன இடைத்துண்டுகள். கீச்சும் இரைச்சலும்தான். அதைக் கேட்டு யார் மயங்குவார்கள்? மயக்கும் ஓர் இயந்திர இசையைப் படைத்து அதற்கு எதிரே கேப்ரியலை நிறுத்தியிருந்தால் கதைக்கு உயிர் வந்திருக்கும். இசையே கருவான கதையில் எதிரிக்கு இசை தராமல் விட்டது பெரிய இழப்பு.

இரண்டாம் அங்கமும் எனக்கு ஒப்பவில்லை. முதல் அங்கம் முழுக்க ஊரையும் ஆட்களையும் நிதானமாக அறிமுகப்படுத்திவிட்டு, அண்ணன் ஆரிஸின் சாவையும் ஃபெய்த் குத்துப்படுவதையும் அடுத்தடுத்து ஓட்டிவிடுகிறார்கள். கலங்குவதற்கு நேரமே இல்லை. அப்புறம் ஊரே சேர்ந்து பாட, அவள் உயிர்த்தெழுகிறாள். அந்தச் சேர்ந்திசை அழகு. ஆனால் அவளை இழந்த வலி நமக்குள் இறங்கியிருந்தால்தானே அவள் திரும்பி வருவது சந்தோஷம் தரும்?

மெட்டல் எங்கே என்று தேடி ஏமாந்திருந்தாலும் நியாயம்தான். இசையை அமைத்தவர்கள் பெட்ரூச்சியும் கீபோர்டு வாசிக்கும் ஜோர்டன் ரூடஸும். ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் முன்னே நிற்கின்றன, மைக் மாங்கினியின் டிரம்ஸ் அடங்கியே ஒலிக்கிறது. இதை ஒரு மேடை நாடகமாக எடுத்துக்கொண்டு கேட்டால் அந்த எரிச்சல் குறையும்.

முதல் அங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்த கிட்டார் பகுதி உங்களுக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. அதுவும் பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் அங்கத்தைத் தொட வேண்டாம்.

அன்புடன்.