சாலையில் ஓடும் எழுத்துகள்

கேள்வி: ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ‘டாக்டர் மபூஸ்’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தைப் பேரனின் மடிக்கணினியில் இரண்டு இரவுகளாகப் பார்த்து முடித்தேன். பிறரை வசியம் செய்து ஆட்டிவைக்கும் குற்றவாளியைப் பேச்சே இல்லாமல் எப்படி நம்பும்படி காட்டினார்கள்? 1923ஆம் ஆண்டின் பணவீக்கத்தையே படம் காட்டுகிறது என்று என் நண்பர் சொல்வது சரியா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: நண்பரின் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. இரு பாகங்களும் 1922 ஏப்ரல், மே மாதங்களிலேயே பெர்லினில் வெளியாகிவிட்டன. ஒரு ரொட்டிக்குக் கோடிக்கணக்கில் மார்க் (அன்றைய ஜெர்மானிய நாணயம்) கொடுக்கும் அவலம் அடுத்த ஆண்டுதான் வந்தது. ஆனால், மார்க் அப்போதே சரிந்துகொண்டிருந்தது. ஓடும் ரயிலில் வணிக ஒப்பந்தம் ஒன்றைத் திருடச் செய்து, பங்குகளின் விலை விழும்போது வாங்கி, ஒப்பந்தம் கிடைத்துவிட்டதென்ற செய்தியால் விலை ஏறியதும் மபூஸ் விற்றுவிடுகிறான். பிறகு எல்லோரும் கலைந்துபோன பங்குச் சந்தைக் கூடத்தில் காகிதங்கள் சிதறிக் கிடக்க, அவற்றின்மேல் அவன் முகம் பெரிதாகப் படிகிறது. முதல் பாகத்துக்குக் ‘காலத்தின் சித்திரம்’ என்று துணைத்தலைப்பு இட்டது பொருத்தம்தான்.

வசியத்துக்கு வருவோம். மபூஸாக நடித்த ருடால்ஃப் க்ளைன்-ரோகேயின் உறுத்துப் பார்க்கும் கண்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதியை எழுத்துகள் செய்கின்றன. மௌனப் படத்தில் எழுத்துக்குரிய இடம் காட்சிக்கு நடுவே வரும் தனி அட்டை. லாங் அதைக் காட்சிக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார். சூதாட்ட மேசையில் அரசு வழக்கறிஞர் வென்க் கையில் பிடித்திருக்கும் சீட்டுகளில் ‘சி நான் ஃபூ’ என்ற சீன ஊர்ப்பெயரின் சொற்கள் ஒளிர்கின்றன. இரண்டாம் பாகத்தில், சாவை நோக்கி அவர் காரை விரட்டும்போது ‘மெலியோர்’ என்ற சொல் சாலையில் வண்டிக்கு முன்னே ஓடுகிறது. அது அவர் விழவேண்டிய கல்குவாரியின் பெயர். மபூஸின் கட்டளையை வென்க் கேட்பதில்லை, படிக்கிறார்; அவருடன் சேர்ந்து நாமும் படித்துவிடுகிறோம் என்பதுதான் தந்திரம். பேசும் படமாக இருந்திருந்தால் ஒரு கரகரத்த குரலோடு இது முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் பக்கத்துத் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். மௌனப் படக் காலத்துக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று எழுத்தட்டைகளை உரக்கப் படித்துச் சொல்வதும் உண்டு. இந்தப் படம் அப்படியொரு கொட்டகைக்கு வந்திருந்தால், ‘மெலியோர்’ ஓடும் அந்த இடத்தில் மட்டுமாவது அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.