ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு பூங்காவுக்குப் போய் பார்க்ரன் ஓடுவதில் என்ன இருக்கிறது? மெதுவாக ஓடுபவர்களுக்கு அது சரிவருமா?

பார்க்ரன் என்பது சனிக்கிழமை காலையில் பூங்காக்களில் தன்னார்வலர்கள் நடத்தும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம். கேள்வி கேட்டவர் தம் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நான்கு சனிக்கிழமை ஓடியிருக்கிறார். கூட ஓடுகிறவர்கள் வாரம் ஓர் இடம் என்று கிளம்பிப் போவதைப் பார்த்து, 'ஓட்டம் அதே 5 கிலோமீட்டர்தானே, எதற்கு இவ்வளவு அலைச்சல்?' என்று கேட்டிருக்கிறார். நான் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். வயது 49. இதுவரை 31 பூங்காக்களில் ஓடியிருக்கிறேன், பல இடங்களில் பாதி தூரத்தை நடந்தே கடந்திருக்கிறேன். உங்களுக்குச் சரிவரும். தயங்காமல் போங்கள்.

என்னை இதற்குள் அனுப்பியது எங்கள் மருத்துவமனைச் செவிலியர். ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. 2018 முதல் இங்கிலாந்தில் பொது மருத்துவர்கள் நோயாளிகளைப் பக்கத்துப் பார்க்ரனுக்குப் போகச் சொல்லும் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. மாத்திரைச் சீட்டு தருவார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் ஒரு பூங்காவின் பெயரை எழுதிக் கொடுத்தார். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ். எங்கள் தெருமுனையில் 101ஆம் எண் பஸ் ஏறினால் போய்விடலாம். சல்வாரும் மகளுடைய பழைய ஷூவுமாகப் போய் நின்றேன். முதல் நாள் 49 நிமிடம் ஆயிற்று. யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. முடித்தபோது கைதட்டினார்கள்.

ஒரு வருடம் அங்கேயே ஓடினேன். பிறகுதான் ஒரு தோழி வற்புறுத்தி புஷி பார்க்குக்கு அழைத்துப் போனாள். எல்லாம் தொடங்கிய இடம் அது. 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் 13 ஓட்டக்காரர்களை வைத்து அங்கே முதல் ஓட்டத்தை நடத்தினார். அடிபட்டு ஓட முடியாமல் இருந்த காலத்தில், ஓட்டத் தோழர்களை வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் தொடங்கியது அது. முடித்த வரிசையைக் குறிக்க எண் பொறித்த இரும்பு வாஷர்களைத்தான் கையில் கொடுத்தார்களாம். இன்று அதே இடத்தில் சாதாரணமாக ஆயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது காலடியில் தரை அதிர்வதை நான் உணர்ந்தேன். சற்றுத் தள்ளி மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. பதினாறு வருடம் லண்டனில் வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த லண்டன் வேலை, வீடு, ஹை ஸ்ட்ரீட் கடைகள், முருகன் கோயில், இவ்வளவுதான். மான் மேயும் பூங்கா இருப்பது தெரியும், அங்கே போவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்ததில்லை. புல்வெளியில் தனியாகப் போய் நின்றால் 'இங்கே எனக்கு என்ன வேலை' என்று மனம் கூசும். வெளிநாட்டில் இருக்கும் பலருக்கு இது புரியும். பார்க்ரன் அந்தக் கூச்சத்தைத் தீர்த்தது. ஒன்பது மணிக்கு அந்தப் பூங்காவில் நிற்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, கையில் என் பெயரில் பதிவான, முடிவில் ஸ்கேன் செய்யும் பார்கோடு இருக்கிறது. முதல் தடவை வந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொல்கிறார்கள். "வெளியூரிலிருந்து யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு வரவேற்கிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் இந்த முறை மாறுவதில்லை.

மாறுவது தரை. பர்ஜஸ் பார்க் தட்டையான தார்ப் பாதை, அங்கே 36 நிமிடத்தில் முடித்தேன். குரோய்டன் லாயிட் பார்க்கில் மேடும் சேறுமாக 43 நிமிடம் பிடித்தது. ஃபின்ஸ்பரி பார்க்கில் இரண்டு சுற்று, மூச்சு வாங்கி ஏறிய மேட்டையே மறுபடியும் ஏற வேண்டும். ஆகவே ஓர் இடத்து நேரத்தை இன்னோர் இடத்து நேரத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். என்னைக் கேட்டால், மெதுவாக ஓடுகிறவர்களுக்கு ஊர் மாற்றிப் போவதன் பெரிய நன்மையே இதுதான். ஒரே பூங்காவில் ஓடும்போது போன வாரத்தைவிட அரை நிமிடம் கூடிவிட்டதே என்று மனம் கணக்குப் போடும். புதுப் பூங்காவில் அந்தக் கணக்கு கிடையாது. கண் பாதையையும் மரங்களையும் பார்க்கும். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் வசந்தகாலத்தில் வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் பகுதியை வேலி போட்டுப் பாதுகாப்பார்கள். அதை நான் கவனித்ததே வேறு பூங்காக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான்.

அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது அவரையும் அழைத்துப் போனேன். எழுபத்திரண்டு வயது, சேலை, காலில் புது ஷூ. கூட்டத்தின் பின்னால் 'டெயில் வாக்கர்' என்று ஒரு தன்னார்வலர் வருவார். கடைசி ஆள் எப்போதும் அவர்தான். அவருக்கு முன்னால்தான் மற்ற எல்லோரும் முடிப்பார்கள், அதனால் பங்கேற்பவர் யாரும் கடைசி ஆவதில்லை. அன்று டெயில் வாக்கராக வந்த அம்மையாரும் என் அம்மாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து நடந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. முடிக்கும்போது இருவரும் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். முடித்த வரிசையைக் குறிக்கும் டோக்கனை ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பக் கேட்டபோது அம்மாவுக்குக் கொடுக்க மனமில்லை. மதியம் முடிவுகள் மின்னஞ்சலில் வந்தன. தன் பெயர் அதில் இருப்பதை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடினேன். அதே பார்கோடு அங்கேயும் செல்லும். காலை 7:30க்கே தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்திலேயே புழுக்கம் சட்டையை நனைத்துவிட்டது. கடலில் சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. தொடங்குமுன் சொல்லும் அறிவிப்பை நான் வான்ஸ்டெட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதே பொருள், வேறு உச்சரிப்பு. முடிவில் ஸ்கேன் செய்த இளைஞர் என் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணீர் குடித்தீர்களா?" என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு முறை அங்கே போவேன்.

போகுமுன் சில விஷயங்கள். தொடங்கும் நேரம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 9 மணி, ஸ்காட்லாந்தில் 9:30. குளிர்காலத்தில் தரை உறைந்திருந்தால் காலையில்கூட ரத்து செய்வார்கள். அதனால் கிளம்புமுன் அந்தப் பூங்காவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய் பூட்டிய கதவைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன். பார்கோடைக் காகிதத்திலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஓடலாம், நேரம் பதிவாகாது.

ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இந்த ஓட்டங்களில் யாரும் கட்டணம் கேட்பதில்லை. வழிகாட்டுவதிலிருந்து டோக்கன் கொடுப்பது வரை எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். ஊர் ஊராகப் போய் ஓடிவிட்டு மட்டும் வருவது, ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்துவிட்டு ஒரு நாளும் பரிமாறாமல் எழுந்து வருவது போன்றது. எனவே மாதத்தில் இரண்டு வாரம் வெளியூர், ஒரு வாரம் சொந்தப் பூங்காவில் ஓட்டம், ஒரு வாரம் அங்கேயே வேலை என்று வைத்திருக்கிறேன். டெயில் வாக்கர் வேலைக்குத்தான் நான் அதிகம் பெயர் கொடுப்பது. மெதுவாக நடப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

அம்மா அடுத்த மே மாதம் மறுபடியும் வருகிறார். மான் இருக்கும் பூங்காவுக்கு எப்போது அழைத்துப் போவாய் என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அவருடைய பார்கோடைப் புதிதாக அச்சிட்டு, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.