அக்கா பிள்ளைகளை வளர்க்கும் இரண்டு மாமாக்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 36. நானும் என் இணையரும் ஒன்பது வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறோம், இருவரும் ஆண்கள். நான்கு மாதங்களுக்கு முன் என் அக்காவும் அத்தானும் ஒரு விபத்தில் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய 11 வயது மகளும் 4 வயது மகனும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். பையன் தினமும், "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறான். பெண் இதுவரை அழவே இல்லை. என் இணையர் எதைச் சொன்னாலும், "அதச் சொல்ல நீங்க யாரு?" என்கிறாள். சட்டப்படி பாதுகாவலர் நான் மட்டும்தான். "பொம்பள இல்லாத வீட்ல பிள்ளைங்க எப்படி வளரும்?" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அக்காவைப் பறிகொடுத்த துக்கத்தோடேயே அவருடைய பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் யாருக்கும் பாரம்தான்.

சின்னவனிடமிருந்து தொடங்குவோம். செத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்பது நான்கு வயதில் பிடிபடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் புரியத் தொடங்கும். "அம்மா தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்றெல்லாம் சொல்லவே சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்டால் அவன் தூங்கவே பயப்படுவான். இரண்டாவதைக் கேட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "அம்மா செத்துப்போயிட்டாங்க. செத்துப்போனா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விடமாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர முடியாது. நீ எதுவும் செஞ்சதால இப்படி ஆகல." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று இந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாகவே நினைத்துக்கொள்வார்கள். நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்பான். இரண்டு பேரும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். சொல்லி முடித்த ஐந்தாவது நிமிடம் விளையாடப் போய்விட்டால், அவனுக்கு வருத்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுபவிப்பார்கள். விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கமோ படுக்கையில் சிறுநீர் போவதோ திரும்ப வந்தால் திட்டாதீர்கள்.

பெரியவள் விஷயம்தான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன். அவள் கோபம் உங்கள் மேல் வராமல் ஏன் உங்கள் இணையர் மேல் மட்டும் வருகிறது? அம்மா பக்கத்தில் அவளுக்கு மிஞ்சியிருப்பது நீங்கள். உங்களைக் கோபித்துக்கொண்டு இழந்துவிட அவளுக்குப் பயம். அவர் மேல் கோபப்படுவது அவளுக்கு அவ்வளவு ஆபத்தாகத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. "அதச் சொல்ல நீங்க யாரு?" என்பதற்குள், "நீங்களும் ஒருநாள் போயிடுவீங்களா?" என்ற கேள்வி இருக்கிறது. இதற்கு நீங்கள் அவருக்காகப் பரிந்து பேசாதீர்கள். அவரே சொல்லட்டும்: "நான் உன் அப்பா இல்ல. அப்பா இடத்துக்கு வரவும் மாட்டேன். ஆனா நான் எங்கயும் போகப்போறதில்ல." ஒருமுறை சொன்னால் போதும். அதற்கப்புறம் அவர் செய்கையில்தான் காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு வேலை அவருடையது மட்டும் என்று ஆகட்டும். வகுப்பு முடிந்து அவளை வண்டியில் கூட்டிவருவது போல ஏதாவது ஒன்று. மழையோ, வீட்டில் சண்டையோ, அந்த வேலையை அவர்தான் செய்ய வேண்டும். முகம் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது இந்த வயதுப் பிள்ளைகள் சுலபமாகப் பேசுவார்கள்.

அவள் அழாததைப் பற்றி: வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், தாயையோ தந்தையையோ இழந்த 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை இரண்டு வருடங்கள் கவனித்தார்கள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும்போது, சிரமங்கள் முதல் வருட முடிவைவிட இரண்டாம் வருட முடிவில்தான் கூடுதலாகத் தெரிந்தன. அதனால் நான்காவது மாதத்தில் அழவில்லை என்பது கெட்ட அறிகுறி இல்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது, இனி எல்லாம் சரி என்று அப்போது அசந்துவிடவும் வேண்டாம். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பது, மிஞ்சியிருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது என்றும் அந்த ஆய்வு காட்டியது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது நீங்கள் இருவரும்.

அதனால்தான் உங்கள் பெயர் மட்டும் காகிதத்தில் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சுசான் டு டாய், அன்னா-மாரி டி வோஸ் என்ற பெண் இணையர் ஒரு அக்கா-தம்பியைச் சேர்ந்து வளர்த்தார்கள். மணமானவர்கள்தான் கூட்டாகத் தத்தெடுக்கலாம் என்று அப்போதைய சட்டம் சொன்னதால், டி வோஸ் பெயரில் மட்டும்தான் தத்து பதிவானது. கூடவே வளர்த்த இன்னொருவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2002-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளும் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. இருவரும் கூட்டாகப் பாதுகாவலராக முடியுமா என்று உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த குடும்ப வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள். முடியாது என்றாலும் செய்யக்கூடியவை உண்டு. உங்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகள் அவரிடம் இருக்க வேண்டும் என்று உயில் எழுதுங்கள். நீதிமன்றம் அதை அப்படியே ஏற்கும் என்ற உத்தரவாதம் எல்லா இடத்திலும் கிடையாது, ஆனாலும் உங்கள் விருப்பம் எழுத்தில் இருக்கும். பள்ளியில் பிள்ளைகளை அழைத்துப்போக, மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சம்மதிக்க அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். அக்கா உயில் ஏதும் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அவர்கள் விட்டுப்போன பணம் பிள்ளைகள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும், வீட்டுச் செலவோடு கலக்க வேண்டாம். "உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா?" என்று பெரியவள் ஒருநாள் கேட்பாள். அப்போது காட்ட உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

உறவினர்கள் பேச்சுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் சூசன் கோலம்போக் குழுவினர் தத்தெடுத்த குடும்பங்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அப்பாக்களின் 41 குடும்பங்கள் இருந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் அம்மா-அப்பா வீட்டுப் பிள்ளைகளைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் 2013-இல் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஆதரவாகவே அறிக்கை வெளியிட்டது. ஆனால் ஆய்வைக் காட்டி உறவினர்களை மாற்றலாம் என்று நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். பிள்ளைகள் காதில் விழும்படி அந்தப் பேச்சு நடக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

அதே சமயம், அக்காவின் தோழிகளையும் அத்தானின் சகோதரிகளையும் தள்ளி வைத்துவிடாதீர்கள். அம்மாவின் சின்ன வயதுக் கதைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. பெண்ணுக்குப் பதினொரு வயது, மாதவிடாய் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். நாப்கின் வாங்கி, அவள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி குளியலறை அலமாரியில் இப்போதே வையுங்கள். எப்படிப் பயன்படுத்துவது, எங்கே போடுவது, வயிறு வலித்தால் என்ன செய்வது என்று நீங்கள் இருவரும் முதலில் தெரிந்துகொண்டு, கூச்சப்படாமல் ஒருமுறை அவளிடம் பேசிவிடுங்கள். "இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது கேக்கணும்னு தோணுதா?" என்றும் கேளுங்கள். யாரிடம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். வீட்டில் இரண்டு மாமாக்கள் என்பதைப் பள்ளித் தோழிகளிடம் சொல்வதும் அப்படித்தான். யாரிடம், எப்போது என்பது அவள் முடிவு. ஆசிரியரிடம் இழப்பைப் பற்றி நீங்கள் சொல்லிவிடுங்கள். "அம்மாவுக்கு ஒரு கடிதம்" என்பது போன்ற பாடம் வந்தால் முன்கூட்டியே அவளிடம் தனியாகக் கேட்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் முன்னால் நீங்கள் அழலாம். "அக்கா ஞாபகம் வந்துச்சு, அதான்" என்று காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் பல வாரங்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்து யாராவது ஒடுங்கிக் கிடந்தால் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். "நானும் அம்மாகிட்ட போகணும்" என்று பெரியவள் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். என்ன நினைக்கிறாள் என்று நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.