மீன் குழம்பு அருமை, உட்காரத்தான் முடியவில்லை

கேள்வி: புதுச்சேரி வொயிட் டவுனில், பழைய பிரெஞ்சுக் காலத்து வீடு ஒன்றை ரெஸ்டாரண்ட் ஆக்கியிருக்கிறார்கள். நண்டு மசாலாவும் வடகம் தாளித்த மீன் குழம்பும் சுள்ளென்று இருந்தன, நல்ல ருசி. ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சம், காதைப் பிளக்கும் இங்கிலீஷ் பாட்டு, கையில் முள்கரண்டி. மாமனாருக்கு மீன் முள்ளே தெரியவில்லை. மாமியார் காரம் தாங்காமல் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார். மாமனாரின் 70-வது பிறந்தநாளுக்கும் அங்கேதான் என்கிறார் கணவர். போகலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகப் போங்கள், ராத்திரி மட்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் பாதி, போன நேரத்தால் வந்தவை. சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, வழுவழுத் தரை என்றிருக்கும் வீட்டில் சத்தத்தை உறிஞ்ச எதுவுமே கிடையாது. நாலு மேசை நிறைந்தாலே இரைச்சல்தான். அதை அமுக்கப் பாட்டைக் கூட்டுவார்கள், அதற்கு மேல் ஜனங்கள் கத்துவார்கள். வார நாளில், மதியம் பன்னிரண்டரைக்குப் போய் உட்காருங்கள். சனி, ஞாயிறு சென்னை, பெங்களூருக் கூட்டம் வந்துவிடும்.

முதல் நாளே போன் போட்டு மேசையைச் சொல்லிவையுங்கள். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமோ ஜன்னலோரமோ கேளுங்கள். பகல் வெளிச்சத்தில்தான் முள் தெரியும். ஸ்பீக்கருக்குக் கீழேயும் ஏ.சி. காற்று நேரே விழும் இடத்திலும் வேண்டாம். மீன் குழம்பு நல்லெண்ணெயில் வைத்ததென்றால் ஏ.சி.யில் உறையாது, ஆட்டுக்கறிக் கொழுப்பு உறைந்துவிடும். சுக்கா வேண்டுமென்றால் மற்றதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சொல்லி, சுடச்சுட வாங்குங்கள்.

காரம்தான் பெரிய விஷயம். ‘காரம் கம்மியா’ என்று மேசையில் உட்கார்ந்து சொல்வதில் பிரயோஜனம் இல்லை. குழம்பு காலையிலேயே கொதித்து இறங்கியிருக்கும். அதில் தேங்காய்ப்பாலையோ தண்ணீரையோ ஊற்றித் தந்தால் புளிப்பும் உப்பும் சேர்ந்து செத்துப்போகும், வடக வாசனை மட்டும் மிச்சம். வறுவல் மீனுக்கும் முன்கூட்டியே மசாலா தடவி வைத்துவிடுவார்கள். அதனால் மாமியாருக்கு மிளகாய்த்தூள் குறைத்து இரண்டு துண்டு தனியாகத் தடவி வைக்க வேண்டும் என்பதையும் அதே போனில் சொல்லுங்கள். பொதுவாக ஆர்டர் வந்த பிறகு வாணலியில் பிரட்டும் மிளகு வறுவல் மாதிரி அயிட்டங்களில்தான் அங்கேயே குறைக்க முடியும். மற்றவர்களுக்குக் குழம்பு அதன் காரத்தோடேயே வரட்டும், அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்!

தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரைவதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பிடித்து இழுத்துவிடும். மெனுவில் மோர் இல்லாவிட்டாலும் தயிர் இருக்கும். ஆளுக்கு ஒரு கப் முதலிலேயே மேசைக்கு வந்துவிடட்டும். வெள்ளைச் சோறும் கூடுதலாகச் சொல்லுங்கள். இந்த மாதிரி இடங்களில் சோற்றைக் கிண்ணத்தில் அளந்து வைப்பார்கள், குழம்போ நம் வீட்டளவுக்குச் சோறு கேட்கும்.

மாமனாருக்கு வஞ்சிரம் நடுத்துண்டு கேளுங்கள், நடு எலும்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சதைதான். கொடுவாவும் சரி. கிழங்கான், சங்கரா வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிறந்தநாள் அந்த 61 நாளில் விழுந்தால் வஞ்சிரம் விலை ஏறியிருக்கும், ஐஸில் கிடந்ததாகவும் இருக்கலாம். அப்போது பண்ணை இறாலே மேல்.

நண்டுக் காலைச் சமையலறையிலேயே தட்டித் தரச் சொல்லுங்கள். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிடுங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. கை கழுவும் இடத்துக்குப் படி ஏறணுமா என்று மட்டும் பெரியவர்களுக்காக விசாரித்துக்கொள்ளுங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆகணும்.

மதியம் போவதில் இன்னொரு லாபம்: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். பகலில் மாமனாரைக் கடலோரம் வரை காரிலேயே கூட்டிப்போகலாம்.